எட்டடித் தெருவுக்கு இரண்டு சர்க்கார்

என் அருமை மாப்ள அருளப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை உன் வருஷத்துப் பூசை நல்லபடியாக முடிந்தது. சாமியார் உன் பெயரை இரண்டு தடவை தப்பாகச் சொன்னார். பிலோமினா கோயிலிலேயே எழுந்து நின்று திருத்தினாள். என் தங்கை எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியாதா? உன் மகள் எமிலி ஆறு மாசம் முழுகாமல் இருக்கிறாள். உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற நல்ல சேதி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் எரிச்சல்.

இந்தக் கடிதத்தை நம் ஊழியர் சங்க மலரில் போடப் போகிறார்களாம். மறைந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்றார்கள். எனக்கு அது வராது என்று உனக்குத் தெரியும். இருபது வருஷமாக ஆபீஸ் எரிச்சலை எல்லாம் உன்னிடம்தான் கொட்டினேன். நீ பாதிப் பேச்சில் எழுந்து போகிற மாதிரிப் போய்விட்டாய். கடலூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சு வலி என்று சேர்த்து, நான் பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதிலிருந்தே தொடங்குகிறது என் கோபம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரெட்டைப்பனைத் தெருவில் மறுபடியும் தொல்லை.

உனக்கு அந்தத் தெருவை விளக்க வேண்டியதில்லை. மலரைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள். பாகூர் தாண்டிப் பெண்ணையாற்றுப் பக்கம் போனால் ஒரே ஒரு தெரு. அகலம் எட்டடி. கிழக்கு வரிசை வீடுகள் பாண்டிச்சேரியில் சேர்த்தி, பாகூர் கொம்யூன் என்கிற வட்டாரம். மேற்கு வரிசை தென்னாற்காடு மாவட்டம். எந்தப் பிரெஞ்சுக்காரனும் எந்த வெள்ளைக்காரனும் உட்கார்ந்து எந்த மயக்கத்தில் அந்தக் கோட்டைப் போட்டார்களோ, இரண்டு பேரும் கப்பலேறிப் போன பிறகும் கோடு மட்டும் போகவில்லை. கிழக்கு வரிசைக்கு அம்மை குத்துகிறவன் நான். மேற்கு வரிசைக்கு நீ. உன் சர்க்கார் வேறு, என் சர்க்கார் வேறு. உன் கிழமை செவ்வாய், என் கிழமை வெள்ளி.

அந்த ஜனங்களுக்கு அந்தக் கோடு ஒரு வசதி. மேற்கில் மதுவிலக்கு இருந்தபோது நாலு எட்டு வைத்துக் கிழக்கே வந்து குடித்துவிட்டுப் போனார்கள். அதே வித்தையை நம்மிடமும் காட்டினார்கள். அப்போதெல்லாம் நாம் எடுத்துப் போனது முள் வைத்த சக்கரம். அம்மைப்பால் என்கிற தடுப்பு மருந்தைத் தடவி, கையில் அழுத்தி ஒரு திருகு திருகவேண்டும். இரண்டு நாள் காய்ச்சல் வரும், கூலிக்குப் போக முடியாது. அதனால் செவ்வாய்க்கிழமை நீ சைக்கிளில் வருவதைப் பார்த்ததும் மேற்கு வரிசைக்காரர்கள் தெருவைத் தாண்டிக் கிழக்கே நின்றுகொள்வார்கள். "நாங்க பாண்டிக்காரங்க சார்." வெள்ளிக்கிழமை நான் போனால் கிழக்கு வரிசை முழுவதும் மேற்கே போய் நிற்கும். "நாங்க கடலூர் தாலுக்கா." நீயும் நானும் புத்தகத்தில் 'எதிர் வரிசைக்காரர்' என்று எழுதிவிட்டு வந்தோம். உன் புத்தகத்திலும் சரியாக இருந்தது, என் புத்தகத்திலும் சரியாக இருந்தது. தெருவில் பாதிப் பேர் கையில் தழும்பே இல்லை.

இதை நாம் கண்டுபிடித்ததே உன் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போதுதான். நீ அந்தத் தெருவில் ஒரு கிழவனின் பெயரைச் சொல்லி அவர் பாண்டிக்காரர் என்றாய், நான் அவர் உன் ஆள் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். பிலோமினாதான் சிரிக்கவில்லை. "அப்ப அந்த ஆளுக்கு யாரு குத்தனது?" என்று கேட்டாள்.

மேலே சொன்னோம். யாருக்குக் காது கேட்டது? அந்தக் காலத்தில் மேலதிகாரிகளுக்கு ஒரே கணக்கு, மொத்தம் எத்தனை கை குத்தினாய் என்பதுதான். நூற்றுக்கு இத்தனை பேர் என்று எட்டிவிட்டால் நோய் தானாக நின்றுவிடும் என்று மேலே யாரோ சொல்லியிருந்தார்கள். எண்ணிக்கை குறைகிற மாதம் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்வார்கள். அங்கே பிள்ளைகள் ஓட முடியாது, வாத்தியார் பிரம்போடு நிற்பார். ஒரே பிள்ளைக்கு மூன்று வருஷத்தில் மூன்று தடவை குத்தியிருக்கிறேன் மாப்ள. அந்தப் பிள்ளையின் அப்பன், ஊர் ஊராகச் சூளை வேலைக்குப் போகிறவன், அவனுக்கு ஒரு தடவைகூடக் குத்தவில்லை. நோயைக் கொண்டுவருகிறவன் அவன்தானே என்று நீ கூட்டத்தில் கேட்டாய். உட்காரச் சொன்னார்கள்.

நீ சொன்னபடிதான் நடந்தது. வடக்கே செங்கல் சூளைக்குப் போயிருந்த காத்தவராயன் காய்ச்சலோடு திரும்பி வந்தான். மேற்கு வரிசையில் மூன்றாவது வீடு. மறுநாளுக்கு மறுநாள் வாசலில் வேப்பிலை ஏறியது. ஆத்தா வந்திருக்கிற வீட்டில் இரும்பு படக்கூடாது என்று உன்னை உள்ளே விடவில்லை. நீ சண்டை போடவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, சுற்றியிருக்கிற வீடுகளுக்குக் குத்த ஆரம்பித்தாய். அந்த வீட்டைத் தொட முடியாவிட்டாலும் அதைச் சுற்றி ஒரு வளையம் போட்டுவிட்டால் நோய் தாண்டாது என்று நீயாகவே யோசித்துச் செய்தாய். அதற்கு ஒரு சுற்றறிக்கையும் அன்றைக்கு இல்லை.

ஆனால் வளையத்தில் பாதி என் சர்க்காருக்குள் இருந்தது. காத்தவராயன் வீட்டுக்கு நேர் எதிரில், கிழக்கு வரிசையில், அஞ்சலை இருந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள், நடவுக்கும் களைக்கும் போகிறவள். காத்தவராயன் வந்து விழுந்த அன்றைக்கு அவனுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவள். நீ வந்தபோது அந்தத் தெரு சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஒரு ஆள் ஊசிக்குப் பயந்து ஓடாமல் ஊசியைத் தேடித் தெருவைத் தாண்டினாள். இடுப்பில் ஐந்து வயசு செல்வி. முதலில் பிள்ளைக்கு, பிறகு எனக்கு என்று கையை நீட்டினாள். உன் பக்கத்தில் உன் மேலதிகாரி நின்றார். பாண்டிக்காரிக்கு நம்ம மருந்து எதற்கு, கணக்கில் எப்படிக் காட்டுவாய் என்று கேட்டார். பிள்ளைக்குக் குத்திவிட்டிருந்தாய், அதைத் தடுக்க அவரால் முடியவில்லை. அவளுக்குக் குத்தப் போன கையை நீ கீழே போட்டாய். "எம் மச்சான் வருவாரும்மா" என்று சொல்லி அனுப்பினாய்.

அன்றைக்கு உன் அம்மைப்பாலும் தீர்ந்துவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தாய். நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஒதியம்பட்டில் முகாம் போட்டிருந்தார்கள், பள்ளிக்கூடம்தான், வேறு என்ன?

"இன்னா மச்சான், ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வந்துடு. தெருவுக்கு அந்தக் கோடில நீ, இந்தக் கோடில நானு. யாரு எந்தப் பக்கம் ஓடுனாலும் நம்ம கையிலதான் வந்து வுழணும். எங்கிட்ட பாலு தீந்துபோச்சு, கடலூர்லேர்ந்து வர செவ்வா ஆவும். உங்கிட்ட இருக்குது. ஒரு பொம்பள கைய நீட்டிக்கினு நின்னுது மச்சான், என்னால குத்த முடில."

நான் என்ன சொன்னேன்? முந்தின வருஷம் உன் பக்கத்து ஆட்களுக்குக் குத்தியதற்காக எனக்கு ஒரு மெமோ வந்திருந்தது. அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன், என் ஆபீஸிலிருந்து பாண்டிக்கு, பாண்டியிலிருந்து மெட்ராஸுக்கு, மெட்ராஸிலிருந்து கடலூருக்கு அது போய்த் திரும்ப வேண்டும் என்றேன்.

"கடுதாசி வரட்டும் மாப்ள" என்றேன்.

"எட்டடி ரோட்டத் தாண்டறதுக்கு மெட்ராஸ்ல கேக்கணுமா?" என்று கேட்டாய். நீ சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. செவ்வாய்க்கிழமை உனக்கு மருந்து வந்தது, ஆனால் உன்னைப் பள்ளிக்கூட எண்ணிக்கைக்கு வேறு ஊருக்கு விரட்டிவிட்டார்கள். அந்த வாரத்து வெள்ளியும் எனக்குப் பள்ளிக்கூட முகாம்தான். அடுத்த ஞாயிறு நான் போனேன். அந்தக் கோடியில் நான், இந்தக் கோடியில் நீ. அன்றைக்கு அந்த ஜனங்கள் பட்ட பாடு இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மேற்கே ஓடியவனை நீ பிடித்தாய், கிழக்கே ஓடியவனை நான் பிடித்தேன். ஒரு ஆள் தெரு நடுவில் நின்று, எனக்கு எந்த சர்க்காரும் இல்லை என்று சத்தியம் செய்தான். இரண்டு கையிலும் ஆளுக்கொன்று குத்திவிட்டோம். அந்தத் தெருவோடு நோய் நின்றது. அடுத்த ஊருக்குப் போகவில்லை.

அஞ்சலைக்கும் அன்றைக்கு நான்தான் குத்தினேன். உடம்பு கொஞ்சம் கதகதவென்று இருந்தது, வெயிலில் நின்றதால் என்று அவள் சொன்னாள். அதற்குள் நோய் அவள் உடம்புக்குள் போய் நாளாகிவிட்டிருந்தது. நோய்க்காரனோடு பழகிய நாலைந்து நாளுக்குள் குத்தினால் பிழைக்கலாம். ஒரு வாரம் தள்ளிக் குத்தினால் தழும்புதான் மிச்சம். நமக்கு இதைப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். பத்து நாளில் அவளை ஆற்றங்கரையில் புதைத்தார்கள். செல்விக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ குத்திய தழும்பு இன்றைக்கும் அவள் கையில் இருக்கிறது.

சில வருஷம் கழித்து அந்தச் சுற்றறிக்கை வந்ததே, நினைவிருக்கிறதா? எல்லாருக்கும் குத்திக்கொண்டு திரியாதே, நோய் வந்த வீட்டைத் தேடு, அதைச் சுற்றி இருப்பவர்களை விடாதே என்று. வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த புது முறையாம். அதை வாசித்துக் காட்டிய அதிகாரி உன்னை உட்காரச் சொன்ன அதே ஆள். எனக்கு வயிறு எரிந்தது. நீ சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாய். உன் அந்தச் சிரிப்புதான் மாப்ள எனக்கு ஆகாது. திட்ட வேண்டிய இடத்தில் நீ ஒரு நாளும் திட்டியதில்லை.

இப்போதைய சேதி கேள். அம்மை ஒழிந்து, நம்மைப் பல்நோக்குப் பணியாளர் என்று பெயர் மாற்றி, இப்போது போலியோ சொட்டு மருந்து கொடுக்க வைத்திருக்கிறார்கள். ஐஸ் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஐம்பது வயசில் மிதிக்கிறேன். போன மாசம் ரெட்டைப்பனை மேற்கு வரிசையில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்து கால் விழுந்துவிட்டது. அந்தப் பக்கத்து முகாம் இரண்டு தடவை தள்ளிப் போயிருக்கிறது. உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. கிழக்கு வரிசைக் குழந்தைகளுக்கு நான் கொடுத்துவிட்டேன், பெட்டியில் மருந்து மிச்சம் இருக்கிறது. மேற்கு வரிசைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். புதிதாக வந்திருக்கிற அதிகாரி சின்ன வயசு, நிறையப் படித்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொல்கிறார், பிற மாநிலத்தவருக்கு நம் மருந்து கூடாது, கடிதம் எழுதியிருக்கிறோம், பதில் வரட்டும் என்று. மாப்ள, எனக்கு மேசையைக் கவிழ்க்கலாம் போல இருந்தது. இருபது வருஷத்தில் நோய் மாறிவிட்டது, மருந்து மாறிவிட்டது, கடிதம் போகிற வழி மட்டும் மாறவில்லை.

ஆபீஸிலிருந்து நேராக ரெட்டைப்பனைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. செல்வி வாசலில் நின்றாள். அவள் எதிர் வீட்டுப் பையனைக் கல்யாணம் கட்டிக்கொண்டு, எட்டடி தள்ளிப் போய், வேறு மாநிலத்துக்காரி ஆகிவிட்டாள். இடுப்பில் ஒரு வயசுப் பெண் குழந்தை. கால் விழுந்த குழந்தை அவளுக்கு அடுத்த வீடு. என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். அவள் எப்போதும் எனக்கு மரியாதை செய்கிறவள். அவள் அம்மா சாவைப் பற்றி நான் சொன்னதுதான் அவளுக்குத் தெரியும். கடிதம் வரத் தாமதமாகிவிட்டது, சர்க்கார் கொன்றுவிட்டது என்று நானே எத்தனை தடவை அவளிடம் சொல்லியிருக்கிறேன்! சங்கக் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன். கை தட்டியிருக்கிறார்கள்.

அவள் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்: "இதுக்கும் கடுதாசி வரணுமா மாமா?"

மோரைக் கீழே வைத்துவிட்டேன் மாப்ள. ஏன் என்று உனக்குத் தெரியுமா? தெரியாமலே போய்விட்டாயா, தெரிந்தும் சிரித்துக்கொண்டிருந்தாயா? இத்தனை வருஷத்தில் அதை மட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் போன இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் கடிதம் வந்திருக்கவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை. நான் போனேன், ஒருவரும் கேட்கவில்லை. முதல் ஞாயிறு போயிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த மெமோ ஒரு வருஷத்துப் பழசு. அஞ்சலையோ என் வரிசைக்காரி, அவளுக்குக் குத்த எந்தக் கடிதமும் வேண்டியதே இல்லை.

அந்த வாரம்தான் எமிலிக்குக் காது குத்து வைத்து எனக்குக் கார்டு போட்டிருந்தாய். மூன்று வரி. நான் தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். என் வீட்டுக்குத் தட்டு வைத்து நேரில் வந்து அழைக்க வேண்டிய முறைக்கு, ஊர் முழுக்கப் போட்ட அதே கார்டை எனக்கும் போட்டாய். என் பெண்டாட்டி அதை எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வெள்ளிக்கிழமை உன் சைக்கிள் மணி கேட்டதும், சரி, தட்டோடு வந்துவிட்டான் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நீ காது குத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேப்பிலை, காத்தவராயன், கையை நீட்டிய பொம்பளை. எனக்குச் சுருக்கென்றது. இவன் வேலைக்கு மட்டும் நான் வேண்டுமா என்று நினைத்தேன். அதனால்தான் கடுதாசி வரட்டும் என்றேன்.

புதன்கிழமை பிலோமினா தட்டோடு வந்தாள். பழம், வெற்றிலை, வேட்டி, எல்லாம். நோய் வேலையில் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை அண்ணா என்று சொல்லி அழுதாள். எனக்கு மனசு குளிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வந்தேன்.

அவ்வளவுதான் மாப்ள. இத்தனை வருஷமாக ஆபீஸைத் திட்டினேன், கோட்டைத் திட்டினேன், பிரெஞ்சுக்காரனைத் திட்டினேன். திட்டு வாங்க வேண்டியவர்கள்தான் அவர்கள், அதில் ஒரு சொல்லைக்கூட நான் திரும்ப வாங்கப் போவதில்லை. ஆனால் அந்த ஒரு வாரம் அவர்களுடையது இல்லை, என்னுடையது. ஒரு தாம்பூலத் தட்டுக்காக அந்தப் பொம்பளையைக் கையை நீட்டியபடி நிற்க வைத்துவிட்டேன். அவளை நினைத்துப் பல நாள் அழுதிருக்கிறேன், அப்போதும் கூடவே சர்க்காரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

செல்விக்குப் பதில் சொல்லாமலே அன்றைக்கு எழுந்து வந்துவிட்டேன். நேற்று முழுக்க இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தேன். பிலோமினாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் காகிதத்தை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு, "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு அப்புறமா மலர்ல போடுங்கண்ணா. அது பேப்பர்ல பாத்துத் தெரிஞ்சிக்கக் கூடாது" என்றாள்.

அதனால் நாளைக் காலையில் போகிறேன். ஐஸ் இன்றைக்கே வாங்கி வைத்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை, யாருக்கும் எழுதவில்லை, மெமோ வந்தால் வரட்டும். மேற்கு வரிசையில் ஒரு வீடு விடாமல் சொட்டு மருந்து கொடுப்பேன், முதலில் செல்வி குழந்தைக்கு. குழந்தை மருந்தை விழுங்கி முடித்த பிறகு அவள் அம்மா எதனால் செத்தாள் என்று அவளுக்குச் சொல்வேன். அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அடிக்க வந்தாலும் வரட்டும். அடுத்த மாசத் தவணைச் சொட்டுக்கு அவள் என்னை வாசலில் நிற்க விடாவிட்டாலும், பெட்டியோடு தெருவில் நின்று கூப்பிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு, மாப்ள.

பிலோமினாவின் அண்ணன்,
உன் மச்சான்,
சவரிநாதன்